உயிர் காக்கும் கணக்கு

கார்த்திகைத் தீபத் திருநாளன்று திருவண்ணாமலை நகரம் மக்கட் கடலாகக் காட்சியளிக்கும். மலையுச்சியில் ஏற்றப்பெறும் தீபத்தைக் காணவும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடைய பாதையில் மலையை வலம்வரவும் பல இலட்சம் மக்கள் நாற்றிசையிலிருந்தும் வந்து குழுமுவர். அத்துணைப் பெருங்கூட்டத்தில் ஒருவர்க்கு மயக்கம் உண்டாகும். மற்றொருவர்க்குக் கால் கொப்புளிக்கும். வேறொருவர்க்கு வயிற்றுப்போக்குக் காணும். அவர்களுக்கு உதவும்பொருட்டு மருத்துவ முகாம்கள் அமைக்கப்பெறுகின்றன. முகாமில் மருந்துப் பெட்டிக்கு அருகே ஒரு பதிவேடும் இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். வந்தவர் பெயர், வயது, ஊர், நோய், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதுதற்கு உரியது அவ்வேடு.

மருந்து நோயைத் தீர்க்கும் என்பதை யாவரும் அறிவர். அப்பதிவேடும் நோயைத் தடுக்க வல்லது என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். ஒரு முகாமில் காலை முழுதும் வயிற்றுப்போக்குடன் வந்தவர் இருவரே எனவும், பிற்பகலில் வந்தவர் இருபதின்மர் எனவும் கொள்வோம். முகாமில் இருக்கும் மருத்துவர் தம்மிடம் வந்தவர்க்கு மருந்து கொடுப்பார். அந்த எண்ணிக்கை உரிய காலத்தில் மேலிடத்தை அடையுமாயின், அங்கிருக்கும் சுகாதார அதிகாரி, "இவ்விருபதின்மரும் எங்கே நீர் பருகினர்?" என்று வினவுவார், அந்த நீர்த்தொட்டியை ஆராயச் செய்வார், அதனை மூடிவிட்டு வேறு நீர் வழங்க ஏற்பாடு செய்வார். நோயுறாமல் தப்பிய நூற்றுக்கணக்கானோர், தம்மைக் காத்தது ஏட்டின் ஒரு பக்கம் என்பதை அறியாமலே ஊர் திரும்புவர். அவ்வேட்டில் நோயின் பெயரைத் தெளிவாக எழுதாது விட்டிருந்தாலோ, நாளை எழுதிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தாலோ நிகழ்வது யாது? அத்தொட்டி திறந்தே இருக்கும்.

நாடி பார்ப்பவரும் கணக்குப் பார்ப்பவரும்

மருத்துவர் தம் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் நாடியைப் பார்க்கின்றார்; நாக்கை நீட்டச் சொல்கின்றார்; மார்பில் குழல் வைத்துக் கேட்கின்றார். நோயாளியின் உடலே அவர்க்குச் செய்தி கூறுகின்றது. ஒரு மாவட்டத்தின் சுகாதாரப் பொறுப்பைத் தாங்கும் அதிகாரியின் நிலை வேறு. திருவண்ணாமலை மாவட்டம் 1989-ஆம் ஆண்டில் பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரித்து அமைக்கப்பெற்றது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அதில் வாழ்ந்தோர் 24,64,875 பேர். ஆரணியும் வந்தவாசியும் போன்ற ஊர்களும், நெல் விளையும் செய்யாற்றுக் கரைகளும், சவ்வாது மலையின் சிற்றூர்களும் அதனுள் அடங்கும். இத்தனை பேரையும் ஓர் அதிகாரி நேரிற் கண்டு நலம் உசாவ இயலுமோ? இயலாது. ஆதலின், கணக்கே அவர்க்குக் கண்ணாகின்றது. மாவட்டத்தின் நாடி எண்களில் துடிக்கின்றது.

நாடி பார்க்கும் விரல் மரத்துப்போயிருந்தால் மருத்துவர் நோயைத் தவறாக உணர்வார். ஒருவர்க்குத் தீங்கு நேரும். கணக்குப் பிழையாக இருந்தால் அதிகாரி ஓர் ஊரையே தவறாக உணர்வார். ஆயிரம் பேர்க்குத் தீங்கு நேரும். எனவே, நலவாழ்வுக் கணக்கைப் பிழையின்றி எழுதுதல் மருத்துவத் தொழிலின் ஒரு பகுதியே ஆகும்.

கல்லில் பொறித்த மருத்துவமனை

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. சவ்வாது மலையில் பிறந்து நம் மாவட்டத்தின் ஊடே ஓடும் செய்யாறு, காஞ்சிபுரத்துப் பக்கம் சென்று பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கின்றது. மூன்று ஆறுகளும் கூடும் அவ்விடத்திற்குத் திருமுக்கூடல் என்பது பெயர். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து விளங்கிய கல்விச்சாலையையும் மருத்துவமனையையும் பற்றி அது விரிவாகக் கூறுகின்றது.

அம்மருத்துவமனையில் நோயாளர் பதினைவர் தங்குதற்கு இடம் இருந்தது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்பவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு உரிய ஊதியம் இவ்வளவு என்று அக்கல்வெட்டில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஓர் ஆண்டிற்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அவற்றின் அளவுகளும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 'நோயாளர் சிலர்' என்று எழுதாமல் பதினைவர் என்றும், 'மருந்து வேண்டிய அளவு' என்று எழுதாமல் இன்ன மருந்து இவ்வளவு என்றும் எழுதினார்களே, அதன் பயனை நாம் உணர வேண்டும். பதினைவர்க்கு எனத் தெரிந்தாலன்றோ அரிசி இவ்வளவு என அளக்கலாம்? மருந்தின் அளவு தெரிந்தாலன்றோ அது தீர்வதற்கு முன்னர் மூலிகை தேடிச் செல்லலாம்? எண்ணித் திட்டமிட்டுச் செய்தலே நிருவாகம். அதற்கு மெய்யான எண் அடித்தளம்.

எண் நடந்து வரும் வழி

இக்காலத்தில் நலவாழ்வுக் கணக்கு எவ்வாறு பிறந்து எவ்வழியே செல்கின்றது என்பதைக் காண்போம். சமவெளியில் 5,000 பேர்க்கும், மலைப்பகுதியில் 3,000 பேர்க்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் இருத்தல் வேண்டும் என்பது அரசின் அளவுகோல். அங்குப் பணியாற்றும் கிராம சுகாதாரச் செவிலியர் வீடுவீடாகச் செல்கின்றார். கருவுற்ற மகளிரைப் பதிவு செய்கின்றார், குழந்தைகட்குத் தடுப்பூசி போடுகின்றார், நிகழ்ந்தவற்றைக் குறித்துக்கொள்கின்றார். அவர் எழுதிய எண் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும், அங்கிருந்து வட்டாரத்திற்கும், பின்னர் மாவட்டத்திற்கும், சென்னைக்கும், தில்லிக்கும் செல்கின்றது. 2008-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான நலவாழ்வுத் தகவல் முறை கணினி வழியே தொடங்கப்பெற்றது. தாயையும் சேயையும் தொடர்ந்து கண்காணிக்கும் 'பிக்மி' என்னும் பதிவு முறையைத் தமிழகம் அவ்வாண்டிலேயே தொடங்கியது.

மருந்து வாங்குதலும் கணக்கை நம்பியே நடைபெறுகின்றது. 1994-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகட்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குகின்றது. எந்த மருந்து எவ்வளவு செலவாயிற்று என்னும் கணக்கு மெய்யாக இருந்தால், வேண்டிய மருந்து வேண்டிய இடத்தில் இருக்கும். அக்கணக்குப் பொய்த்தால், ஓரிடத்தில் மருந்து காலங்கடந்து வீணாகும். மற்றோரிடத்தில் பாம்பு கடித்து வந்தவர்க்கு மருந்து இல்லாமற்போகும்.

கணினி விரைந்து கூட்டும், பிழையறக் கூட்டும். ஆனால், தன்னிடம் கொடுத்த எண் மெய்யா பொய்யா என்பதைத் தானாக அறியாது. வித்திலே பதர் இருந்தால் எவ்வளவு நன்றாக உழுதாலும் பயிர் முளையாது அன்றோ?

நல்ல கணக்கின் நான்கு இலக்கணங்கள்

நல்ல கணக்கிற்கு முழுமை, மெய்ம்மை, காலந்தவறாமை, ஒருமை என நான்கு இலக்கணங்கள் உள எனலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது முழுமை. நிகழ்ந்தவை யாவும் ஏட்டில் ஏற வேண்டும். சவ்வாது மலையின் ஒரு மூலையில், சாலையிலிருந்து நெடுந்தொலைவு நடந்து சென்று அடையத்தக்க சிற்றூர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒரு குழந்தை வீட்டிலேயே பிறந்து, பத்து நாளில் இறந்துவிடுகின்றது. அதன் பிறப்பும் எழுதப்படவில்லை, இறப்பும் எழுதப்படவில்லை. மாவட்ட அலுவலகத்தில் அவ்வூரின் பெயருக்கு நேரே உள்ள கட்டம் வெறுமையாக இருக்கின்றது. கூட்டுபவர் அதனைச் சுழியாகக் கொண்டு கூட்டிவிடுகின்றார். விளைவு யாது? குழந்தை இறப்பே இல்லாத ஊர் என அவ்வூர் பெயர் பெறும். அங்குச் செல்ல வேண்டிய செவிலியர் வேறோர் ஊருக்கு அனுப்பப்படுவார். சுழி என்பது ஓர் எண்; 'நோக்கினோம், ஒன்றும் இல்லை' என்பது அதன் பொருள். வெற்றிடம் என்பது எண் அன்று. 'யாரும் நோக்கவில்லை' என்பதே அதன் பொருள். இவ்விரண்டனையும் ஒன்றாகக் கொள்வதால் விளையும் கேடு, உதவி மிக வேண்டிய எளியோரையே சென்று தாக்கும்.

இரண்டாவது மெய்ம்மை. கண்டதைக் கண்டவாறே எழுத வேண்டும். பிறந்த குழந்தையின் எடை 2,500 கிராமிற்குக் குறைந்தால் அஃது எடை குறைந்த குழந்தை எனப்படும். அதனைத் தனிக் கவனத்துடன் பேணுதல் வேண்டும். தராசு 2,420 காட்டும்பொழுது, 'ஏறத்தாழ இரண்டரைக் கிலோதானே' என்று 2,500 என எழுதுதல் சிறிய செயலாகத் தோன்றலாம். அவ்வெழுத்தால் அக்குழந்தை கவனிக்க வேண்டியவர் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றது. ஒரு மருத்துவமனையின் ஏட்டில் எடைகள் பெரும்பாலும் 2,500, 3,000 என முழுமையான எண்களாகவே காணப்படின், தராசைக் காட்டிலும் மனமே அங்கு நிறுத்தது என்று அறிவுடைய அதிகாரி ஐயுறுவார்.

மூன்றாவது காலந்தவறாமை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ், பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். தொற்றுநோய்ச் செய்திக்கோ அத்துணைக் காலமும் பொறுத்திருத்தல் கூடாது. கொசுவால் பரவும் டெங்குக் காய்ச்சல் ஒரு தெருவில் தோன்றிய செய்தி ஒரு திங்கள் கழித்து வருமாயின், அதற்குள் அது பத்துத் தெருவிற்குப் பரவியிருக்கும். தீப்பிடித்த வீட்டிற்கு மறுநாள் வரும் நீர் எதற்கு உதவும்?

நான்காவது ஒருமை. ஒரு சொல் எல்லாவிடத்தும் ஒரே பொருளைத் தருதல் வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் நெய்யையோ நெல்லையோ குறிக்கும்பொழுது, இன்ன மரக்காலால் இவ்வளவு என்று அளவையின் பெயரையும் சேர்த்துப் பொறித்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் குறிக்கப்படுகின்றது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டமையால் இவ்வாறு எழுதுதல் இன்றியமையாததாயிற்று. அங்ஙனமே, 'காய்ச்சல்', 'முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தை' என்பன போன்ற சொற்களை ஒவ்வோரிடத்தும் ஒவ்வொரு பொருளில் எழுதினால், அவ்வெண்களைக் கூட்டுதல் வெவ்வேறு மரக்கால்களால் அளந்த நெல்லைக் கூட்டுதல் போலாகும்.

ஒருமைக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு நம் இல்லங்களிலேயே உண்டு. தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்லுதல் தமிழர் வழக்கம். போளூரில் வாழும் பெண் அங்குப் பதிவு செய்துகொண்டு, ஏழாம் திங்களில் வளைகாப்பு முடிந்தபின் செங்கத்தில் உள்ள தாய்வீட்டிற்குச் செல்கின்றாள். செங்கத்திலும் அவள் பெயர் பதிவாகின்றது. ஏட்டில் கருவுற்றவர் இருவர், உண்மையில் ஒருத்தியே. குழந்தை செங்கத்தில் பிறந்தபின், போளூரில் அவள் 'மகப்பேற்று விவரம் தெரியாதவர்' ஆகின்றாள். மேலும், செங்கத்தில் அவ்வூர்க்குரிய எண்ணிக்கைக்கு மேற்பட்ட குழந்தைகள் தடுப்பூசி பெற, நூற்றுக்கு நூற்றைந்து என்னும் விந்தைக் கணக்கும் தோன்றும். நூற்றுக்கு நூற்றைந்து என்பதைக் கண்டு மகிழ்பவர் கணக்கறியார். இக்குழப்பம் நீங்கும்பொருட்டே கருவுற்ற ஒவ்வொரு தாய்க்கும் 12 இலக்கமுடைய தனி எண் வழங்கும் முறை வந்தது. அவள் எவ்வூர் சென்றாலும் அவ்வெண் உடன்செல்லும். ஒருத்தி இருவராகவும் மாட்டாள், காணாமலும் போகமாட்டாள்.

இலண்டனில் ஒரு நீரிறைக்கும் குழாய்

நன்கு எழுதப்பெற்ற ஏடு என்ன செய்ய வல்லது என்பதற்கு அயல்நாட்டு வரலாறு ஒன்று சான்றாகும். 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், இலண்டன் நகரின் சோகோ என்னும் பகுதியில் காலரா கொடுமையாகப் பரவியது. பத்து நாள்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீய காற்றால் அந்நோய் உண்டாகின்றது என அக்காலத்தார் பலர் நம்பினர். ஜான் சுனோ என்னும் மருத்துவர் நீரே காரணம் எனக் கருதினார். அந்நகரில் இறப்புப் பதிவு அலுவலகம் ஒன்று இருந்தது. அதனிடம் சென்று, காலராவால் இறந்த 83 பேரின் பட்டியலை அவர் பெற்றார். அதில் இறந்தவர் வாழ்ந்த இடமும் எழுதப்பட்டிருந்தது.

அவ்விடங்களை ஆராய்ந்தபொழுது, பெரும்பாலோர் பிராடு தெருவிலிருந்த நீரிறைக்கும் குழாயின் அருகே வாழ்ந்தமை புலனாயிற்று. பத்துப் பேர் மட்டும் வேறு குழாய்க்கு அண்மையில் இருந்தனர். சுனோ அவர்களைப் புறக்கணித்துவிடவில்லை. அவர்தம் வீடுகளைப் பற்றி உசாவினார். ஐந்து குடும்பத்தார், பிராடு தெருவின் நீரையே விரும்பி வரவழைத்ததாகக் கூறினர். வேறு மூவர், அக்குழாய்க்கு அருகிலிருந்த பள்ளிக்குச் சென்ற சிறுவர் ஆவர். இச்சான்றுகளை அவர் ஊர்க் குழுவினரிடம் எடுத்துரைத்தார். செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்தது என்பது உண்மையே. எனினும், நீரால் காலரா பரவும் என்பதற்கு அவ்வாராய்ச்சி வலிமையான சான்றாயிற்று. முகவரி எழுதாத ஏடாக அஃது இருந்திருப்பின், சுனோவின் கூர்மதியும் பயன்பட்டிராது.

அதிகாரிக்கு நேரும் இரு கேடுகள்

பிழையான கணக்கால் அதிகாரிக்கு இரு கேடுகள் நேரும். பொய்யை மெய்யென நம்பிச் செயலாற்றுதல் ஒன்று. அதனை முன்னரே கண்டோம். எக்கணக்கையும் நம்பாமற்போதல் மற்றொன்று. இரண்டாவது கேடே பெரிதெனலாம். இருமுறை ஏமாந்த அதிகாரி, மூன்றாம் முறை ஏட்டைத் திறவார். 'எனக்குத் தெரியாத ஊரா?' என்று தம் நினைவையும் பிறர் சொல்லையும் கொண்டே முடிவு செய்வார். அப்பொழுது எவர் உரத்துப் பேசுகின்றாரோ அவரூர்க்கு மருத்துவர் செல்வார். வாய்பேசா ஊர் கிடந்தபடியே கிடக்கும்.

மேலிருப்பவர் ஏட்டைப் பாராதபொழுது, கீழிருப்பவர் அதனைக் கருத்துடன் எழுதுவாரோ? செவிலியர் பகலெல்லாம் வெயிலில் நடந்து, இரவில் ஒரே செய்தியைப் பல ஏடுகளிலும் கணினியிலும் எழுத நேரின், 'இவற்றை யார் படிக்கப் போகின்றார்கள்?' என்னும் சலிப்புத் தோன்றுதல் இயல்பே. சலிப்பால் கணக்குக் கெடும். கெட்ட கணக்கை அதிகாரி பாரார். பாராத கணக்கு மேலும் கெடும். இச்சுழலிலிருந்து மீள வழி, கணக்கைப் பயன்படுத்துதலே ஆகும். 'நீங்கள் எழுதிய எண்ணைக் கண்டோம்; உங்கள் ஊரில் இரத்தச்சோகை மிகுந்திருப்பதை அறிந்தோம்; இதோ மாத்திரைகள்' என்று அதிகாரி மறுமொழி தருவாராயின், அச்செவிலியர் அடுத்த திங்களின் கணக்கை எவ்வளவு அக்கறையுடன் எழுதுவார்! புழங்கும் கிணற்று நீரே தெளிவாக இருக்கும்.

இரு பட்டியல்களின் திறம்

எழுதிய கணக்கு முழுமையானதா என்பதை அறிவதற்கு நம் நாட்டிலேயே ஓர் அரிய முறை உருவாயிற்று. சந்திரசேகர் என்னும் இந்திய அறிஞரும், எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்க அறிஞரும் 1949-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். கல்கத்தாவை அடுத்த சிங்கூர் என்னும் பகுதியில் திரட்டிய பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு அம்முறையை அவர்கள் விளக்கினர்.

அதனை எளிய எடுத்துக்காட்டால் காண்போம். ஓர் ஊரின் பதிவாளர் ஏட்டில் 120 பிறப்புகள் உள்ளன. வேறொருவர் அவ்வேட்டைப் பாராமல், வீடுவீடாகச் சென்று வினவி, 110 பிறப்புகளைக் குறிக்கின்றார். இரு பட்டியல்களையும் ஒப்பிட, 100 பிறப்புகள் இரண்டிலும் உள்ளன. எனவே, பதிவாளர் மட்டும் கண்டவை 20. வீடுவீடாகச் சென்றவர் மட்டும் கண்டவை 10. இருவரும் காணாதவை எத்தனை? இருபதைப் பத்தால் பெருக்கி நூறால் வகுக்க, இரண்டு என்னும் விடை கிடைக்கும். ஆக, அவ்வூரின் பிறப்புகள் ஏறத்தாழ 132. எவர் கண்ணிலும் படாத குழந்தைகளையும் இங்ஙனம் மதிப்பிட முடிகின்றது! ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்து எழுதாமை இதற்கு இன்றியமையாதது. பார்த்தெழுதிய தேர்வுத்தாள் இரண்டு ஒத்திருப்பதால் விடை சரியென்று கூற முடியுமோ?

1969-70 முதல் நாடெங்கும் நடைபெற்று வரும் மாதிரிப் பதிவு முறைக்கும் இரு பட்டியல் முறையே அடிப்படை. தேர்ந்தெடுத்த இடங்களில் ஒருவர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து எழுதி வருகின்றார். ஆறு திங்களுக்கு ஒருமுறை வேறொருவர் தனியே சென்று கணக்கெடுக்கின்றார். ஒவ்வாதவற்றை மீண்டும் நேரிற் சென்று சரிபார்க்கின்றனர்.

மறைக்காத கணக்கு

தமிழகத்தின் பெருமைக்குரிய செய்தி ஒன்றை இங்குக் கூறுதல் தகும். கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றிலும் அதனையடுத்த நாள்களிலும் அவற்றின் காரணமாகத் தாய்மார் இறத்தலைத் தாய்மை இறப்பு என்பர். நம் மாநிலத்தில் ஒவ்வொரு தாய்மை இறப்பையும் உடனே தெரிவித்து, இறந்தவர் வீட்டிற்குச் சென்று உசாவி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆராயும் வழக்கம் ஏற்பட்டது. ஊர்தி கிடைக்கவில்லையா? குருதி கிடைக்கவில்லையா? இரத்த அழுத்தம் மிகுந்ததை முன்னரே அறியவில்லையா? இவ்வினாக்களின் விடைகளால் குறைகள் எங்கெங்கே உள என்பது புலனாகின்றது. அவற்றைக் களையவும் வழி பிறக்கின்றது.

மாதிரிப் பதிவு முறையின்படி, 2001-2003-இல் தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-2020-இல் அவ்வெண் 54 ஆகக் குறைந்தது; அப்பொழுது நாடு முழுமைக்குமான எண் 97. மருத்துவ வசதி, சாலை, பெண்கல்வி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. இறப்பை மறைக்காமல் எழுதி, எழுதியதைக் கொண்டு கற்றுக்கொண்டமையும் அவற்றுள் ஒன்று.

இறப்பை எழுதியவரைத் தண்டித்தால், அடுத்த இறப்பை அவர் எழுதார். ஆதலின், இத்தகைய உசாவல் குற்றவாளியைத் தேடுவதாக அமையாமல், குறையைத் தேடுவதாக அமைதல் வேண்டும் என அறிஞர் கூறுவர். ஓர் ஊரில் இறப்பின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால், அங்குக் கேடு மிகுந்தது என்று உடனே முடிவு கட்டுதலும் தவறு. முன்பு மறைந்திருந்தவை இப்பொழுது ஏட்டில் ஏறியிருக்கலாம். விளக்கு ஏற்றியபின் அறையில் தூசி தெரிந்தால், விளக்கைப் பழிப்பார் உளரோ?

நம் கடமை

மாணவர்களே! இவையெல்லாம் அதிகாரிகளின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கின் முதல் எழுத்து வீட்டு வாயிலில் பிறக்கின்றது. செவிலியர் வந்து வினவும்பொழுது வயதையும் ஊரையும் நோயையும் மறையாது கூறுதல் உங்கள் இல்லத்தார் கடமை. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருத்தலும், பிறப்பையும் இறப்பையும் உரிய நாளில் பதிவு செய்தலும் அத்தகையனவே. எழுதப் படிக்க அறியாத பாட்டனார்க்கும் பாட்டியார்க்கும் நீங்கள் துணை நின்று இவற்றைச் செய்விக்கலாம்.

உங்களுள் சிலர் நாளை செவிலியராகவும், மருத்துவராகவும், கிராம நிருவாக அலுவலராகவும், மாவட்டத்தை ஆள்வோராகவும் விளங்குவீர்கள். அன்று உங்கள் கையில் ஏடு இருக்கும். அதில் ஒரு கட்டத்தை நிரப்பும்பொழுது, அக்கட்டத்திற்குள் ஒரு தாயோ சேயோ நிற்பதாகக் கருதி எழுதுங்கள். அக்கணக்கைப் பார்க்கும் நிலை உங்களுக்கு வாய்த்தால், வெறுமையாக உள்ள கட்டத்தைக் கண்டு, 'இங்கே ஒன்றும் இல்லை' என்று கடந்து செல்லாதீர்கள்; 'இங்கே யாரும் சென்று பார்க்கவில்லையோ?' என்று வினவி, எழுந்து சென்று பாருங்கள். மலையின் மறுபுறத்தில் இருக்கும் சிற்றூருக்கு மருந்தும் மருத்துவரும் வந்து சேர்தல் அவ்வினாவிலிருந்தே தொடங்கும்.